புளி போட்டுத் துலக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், இரண்டாம் உலகப் போரின்போது பர்மா பக்கம் இருந்த தாத்தா கொண்டுவந்த ஜப்பானிய வாளைப் பற்றி அவருடைய பேரன் சொன்னதைப் படத்தோடு போட்டிருந்தீர்கள். ஆசையாகப் படிக்க ஆரம்பித்தேன். பரணில் கிடந்த வாளை எடுத்து, பிடியைக் கழற்றி, உள்ளே மண்டியிருந்த கருந்துருவைப் புளியும் உப்புத்தாளும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம் என்ற வரி வந்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் குடும்பத்தைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நம் வீட்டில் எந்தப் பழைய பொருள் கிடைத்தாலும் முதலில் துலக்கத்தான் தோன்றும், பித்தளைக் குத்துவிளக்கிலிருந்து அந்தப் பழக்கம் வருகிறது. ஆனால் ஜப்பானிய வாளில் அந்தக் கருந்துருதான் பிறப்புச் சான்றிதழ். அதைத் தேய்த்து எடுத்த பிறகு, வாளின் வயது என்ன, செய்தவர் யார் என்று சொல்ல இருந்த சாட்சியில் பாதி போய்விடுகிறது.

நான் பதினொரு வருடம் நாகோயாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன், இப்போது ஓய்வு பெற்றுக் கோவையில் இருக்கிறேன். நிபுணன் இல்லை. வாள் பைத்தியம் பிடித்து, ஏமாந்து, பிறகு கொஞ்சம் கற்றுக்கொண்டவன், அவ்வளவுதான். அந்தப் பகுதியில் வேலை கிடைத்தது என் அதிர்ஷ்டம். பக்கத்து கிஃபு மாநிலத்தில் செக்கி என்று ஒரு ஊர், பல நூறு வருடமாக வாள் செய்த ஊர், இன்றைக்குச் சமையலறைக் கத்திக்கும் சவரக் கத்திக்கும் பெயர் போனது. நாகோயாவிலேயே டோக்குகாவா கலை அருங்காட்சியகமும், அட்சுதா கோயிலில் 2021இல் திறந்த வாள் காட்சிக்கூடமும் இருக்கின்றன. சனிக்கிழமை வேறு வேலை இல்லாதவனுக்கு இது போதாதா?

முதலில் அந்தப் படத்துக்கு வருகிறேன். கட்டுரையில் '500 வருடப் பழமையான சாமுராய் வாள்' என்று போட்டிருந்தது. படத்தில் தெரியும் பித்தளை வேலைப்பாட்டையும், அதில் செர்ரிப் பூ வடிவங்களையும், பழுப்பு வண்ணம் பூசிய உலோக உறையையும் பார்த்தால், இது 1934க்குப் பிறகு ஜப்பானிய ராணுவ அதிகாரிகளுக்காக வந்த வகை. 94ஆம் வகை, 98ஆம் வகை என்று சொல்வார்கள், இந்தப் பொதுக் குடும்பத்துக்குக் குன்டோ என்று பெயர். தாத்தாவுக்கு இது கிடைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பர்மாப் போர்முனையில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை உட்படத் தென்னிந்தியர் நிறையப் பேர் இருந்தார்கள். 1945 செப்டம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரில் சரணாகதி நடந்தபோதும் அதைத் தொடர்ந்தும், ஜப்பானிய அதிகாரிகள் தங்கள் வாளைத் தங்கள் கையாலேயே ஒப்படைக்க வேண்டும் என்று மவுண்ட்பேட்டன் பிடிவாதமாக இருந்தார். அப்படிக் கைமாறிய வாள்கள் எத்தனையோ இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தியாவுக்கும் மூட்டையோடு போய்ச் சேர்ந்தன.

ஆக, மேலே உள்ள சட்டை 1930களுடையது. உள்ளே இருக்கும் உடம்பு எப்போது பிறந்தது என்பது தனிக் கேள்வி, இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் இரண்டு பக்கமும் தவறு செய்கிறார்கள். ராணுவ உறையைப் பார்த்ததும் ஒருவர் 'சும்மா தொழிற்சாலைச் சரக்கு' என்று ஒதுக்குவார், இன்னொருவர் 'சாமுராய் வாள்' என்று கும்பிடுவார். உண்மை என்னவென்றால் பெரும்பாலானவை போர்க்காலத்தில் அவசரமாகச் செய்யப்பட்டவைதான். சாதாரண ஆலை எஃகை எடுத்து, தண்ணீருக்குப் பதில் எண்ணெயில் தோய்ச்சல் போட்டு, செக்கியில் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளினார்கள். அவற்றின் பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பாகத்தில் சின்னதாக ஒரு முத்திரை அடித்திருக்கும். ஆனால் சில அதிகாரிகள் வீட்டில் பரம்பரையாக இருந்த பழைய வாளை ராணுவப் பிடியிலும் உறையிலும் பொருத்தி எடுத்துக்கொண்டு போருக்குப் போனார்கள். அப்படிப்பட்ட ஒரு பித்தளைப் பிடிக்குள் 400 வருடத்து வாள் இருப்பதை நானே ஒரு முறை பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. பிடியைக் கழற்றி அந்த அடிப்பாகத்தைப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு நக்காகோ என்று பெயர்.

நக்காகோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விஷயம் முழுக்க அங்கேதான். வாளின் மற்ற எல்லா இடத்தையும் மெருகேற்றுவார்கள், நக்காகோவை மட்டும் செய்த நாளிலிருந்து யாரும் மெருகேற்ற மாட்டார்கள். அதனால் துரு அதன் மேல் மெதுவாக, அடுக்கடுக்காகப் படிகிறது. 50 வருடத் துரு செம்மண் நிறத்தில் பொறுக்காக இருக்கும், விரலில் ஒட்டும். சில நூறு வருடத் துரு கருமையாக, வழவழவென்று, பழைய இரும்பு தோசைக்கல்லின் அடிப்பக்கம் மாதிரி இருக்கும். பழகிய கண்ணுக்கு இந்த நிறமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். அதன் கீழே கொல்லர் அரத்தால் போட்ட கோடுகள் தெரியும். அந்தக் கோடு நேராகப் போகிறதா, சரிந்து போகிறதா, குறுக்கும் நெடுக்குமாகப் போகிறதா என்பது ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு வழக்கம். பிறகு மூங்கில் ஆணி போகும் துளை. அது ஒன்றா, இரண்டா, மூன்றா என்று எண்ணிப் பாருங்கள். கூடுதல் துளை இருந்தால் பிடி மாற்றப்பட்டிருக்கிறது, பல நேரம் வாளே குட்டையாக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். குதிரை மேலிருந்து சண்டை போட்ட காலத்தின் நீண்ட வாள்களைப் பிற்காலத்தில் அடிப்பக்கத்திலிருந்து வெட்டிச் சுருக்கினார்கள், அப்போது கொல்லரின் கையெழுத்தும் வெட்டுப்பட்டுப் போய்விடும். அதனால் கையெழுத்து இல்லாத வாள் மட்டம் என்று நினைக்கக் கூடாது. உச்சத்தில் வைத்துப் போற்றப்படும் மசாமுனே என்ற கொல்லர் கையெழுத்துப் போட்டதே மிகக் குறைவு.

கையெழுத்து இருந்தால் அது உளியால் வெட்டியதாக இருக்கும். வழக்கமாக மாநிலம், ஊர், பெயர் என்ற வரிசை. 'பிசென் நாட்டு ஓசாஃபுனே வாசி சுகேசாடா' என்கிற மாதிரி. பின்பக்கத்தில் சில நேரம் வருடமும் மாதமும் இருக்கும், மாதம் பெரும்பாலும் இரண்டாம் மாதம் அல்லது எட்டாம் மாதம். எல்லாக் கொல்லரும் அந்த இரண்டு மாதம்தான் வேலை செய்தார்கள் என்று நான் முதலில் வெகுளியாக நினைத்துக்கொண்டேன். அது நல்ல மாதம் என்று போடும் மரபு, நாம் தை மாதத்தில் தேதி குறிப்பது போல. சரி, சுகேசாடா என்று எழுதியிருக்கிறதே, பெரிய ஆள்தானே என்றால் அதுவும் இல்லை. அந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டவர்கள் பல தலைமுறைக்கு டஜன் கணக்கில் இருந்தார்கள். உள்நாட்டுப் போர் ஓயாமல் நடந்த 16ஆம் நூற்றாண்டில் கட்டுக்கட்டாகச் செய்து விற்ற மலிவு வாளிலும் அந்தப் பெயர் இருக்கிறது, ஒரு பிரபுவுக்கென்று தனியாகச் செய்த அபாரமான வாளிலும் இருக்கிறது.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் போன இரண்டாம் வருடம் ஒரு பழம்பொருள் சந்தையில் ஒரு வாக்கிசாஷி வாங்கினேன். வாக்கிசாஷி என்றால் நடுத்தர வாள். ஜப்பானிய அளவில் ஒரு ஷாக்கு என்பது 30.3 சென்டிமீட்டர். ஒரு ஷாக்குக்குக் குறைவானது டான்டோ, ஒன்றிலிருந்து இரண்டு வரை வாக்கிசாஷி, இரண்டுக்கு மேல் கட்டானா. நான் வாங்கியதில் கொட்டெட்சு என்று கையெழுத்து இருந்தது. 17ஆம் நூற்றாண்டில், நடு வயது வரை போர்க்கவசம் செய்துவிட்டு அப்புறம் வாளுக்கு மாறிய மாமேதை அவர். பாதி மாதச் சம்பளத்துக்குக் கொட்டெட்சு கிடைக்கிறதே என்று துள்ளிக் குதித்து வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் என் பழைய மேற்பார்வையாளரிடம் காட்டினேன், அவருக்கு எழுபதுக்கு மேல் வயது, சின்ன வயதிலிருந்து வாள் பார்ப்பவர். கொட்டெட்சுவைப் பார்த்தால் போலி என்று நினை என்று ஜப்பானில் ஒரு பழமொழியே உண்டாம், எனக்கு அது அன்றுதான் தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. வாளைப் பத்து நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்கள் வாள் வாங்கவில்லை, எழுத்து வாங்கியிருக்கிறீர்கள்" என்றார். அப்புறம் போனால் போகிறது என்று, "ஆனால் எழுத்தை மறந்துவிட்டுப் பார்த்தால் வாள் ஒன்றும் மோசமில்லை" என்றார். போலிக் கையெழுத்துக்கு கிமேய் என்று பெயர். அது இன்றைய மோசடி மட்டும் இல்லை, அந்தக் காலத்திலேயே நல்ல விலைக்கு விற்பதற்காக வெட்டியிருக்கிறார்கள். என் வாளின் போலிக் கையெழுத்துக்கே 150 வருட வயது இருக்கலாம் என்று அவர் சொன்னபோது ஏமாற்றத்திலும் ஒரு பெருமை வந்ததை மறைப்பானேன்.

அதன் பிறகு அவர் எனக்கு ஒரு விதி போட்டார். ஒரு வருடம் எதையும் வாங்கக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு முன்னால் குனிந்து, நிமிர்ந்து, முழங்காலை மடக்கி, விளக்கின் பிம்பம் வாளின் மேல் நகரும்படி தலையை அசைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஆரம்பத்தில் எல்லா வாளும் ஒரே மாதிரி இருக்கும். மூன்றாவது நான்காவது தடவை போகும்போது திடீரென்று தெரிய ஆரம்பிக்கும். கூர்ப் பக்கத்தை ஒட்டி வெண்மையாக ஓடும் அலைக்கு ஹமோன் என்று பெயர். கொல்லர் வாளின் முதுகில் களிமண்ணைக் கனமாகவும் கூர்ப் பக்கத்தில் மெல்லியதாகவும் பூசி, சிவக்கச் சிவக்கச் சூடேற்றித் தண்ணீரில் தோய்க்கிறார். மண் மெல்லியதாக உள்ள இடம் சட்டென்று குளிர்ந்து கடினமாகிறது, முதுகு மெதுவாகக் குளிர்ந்து வளைந்து கொடுக்கும்படி நிற்கிறது. வாளுக்கு அந்த அழகான வளைவு நன்றாகக் கூடுவதும் அந்த ஒரு நொடியில்தான். இரண்டுக்கும் இடையில் உள்ள எல்லைக்கோடுதான் ஹமோன். நிஜ ஹமோனை உற்றுப் பார்த்தால் எல்லை கத்தியால் கீறியது போல் இருக்காது, மார்கழிக் காலையில் வயல் மேல் படிந்த பனி போலக் கரைந்து நிற்கும், சில இடத்தில் மணல் மணலாகப் பொடி மின்னும். போலிகளில் அமிலத்தால் வரைந்திருப்பார்கள், அல்லது கம்பித் தூரிகையால் தேய்த்திருப்பார்கள். அது தட்டையாக, பெயின்ட் அடித்தது போல், எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி தெரியும்.

வீட்டில் ஒரு வாள் இருக்கிறது, இது என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் சோதனை காந்தம். ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் அது வாள் பயிற்சிக்கென்று துத்தநாக அலுமினியக் கலவையில் செய்த இயாய்டோ, ஜப்பானில் சட்டப்படி அப்படித்தான் செய்ய முடியும். ஒட்டினால் அடுத்த கட்டம். கைப்பிடியில் பட்டு அல்லது பருத்தி நாடா சுற்றியிருக்கும். நல்ல பிடியில் ஒவ்வொரு முடிச்சிலும் நாடா மேலே கீழே மாறி மாறிப் போகும், வைர வடிவ இடைவெளிகள் எல்லாம் ஒரே அளவாக இருக்கும். அடியில் திருக்கை மீனின் தோல் இருக்கும், மலிவுப் போலிகளில் பிளாஸ்டிக். முழு உலோகத்தில் வார்த்து, நாடா சுற்றியது போல் வண்ணம் அடித்த பிடி என்றால் அது 1935இல் வந்த 95ஆம் வகை, ராணுவத்தின் கீழ்நிலை அலுவலர்களுக்கான இயந்திர வாள். வாளிலேயே பிடியை ஒட்டி வரிசை எண் அடித்திருக்கும். போர்ச் சரித்திரப் பொருளாக அதற்கு மதிப்பு உண்டு, கொல்லர் கலைக்கு அதில் இடமில்லை. வாளின் உடல் முழுவதும் நீரலை போலப் பெரிய பெரிய கோடுகள் கண்ணைப் பறித்தால் சந்தேகப்படுங்கள். நிஜ வாளின் மடிப்புக் கோடுகள் அடக்கமானவை, மரத்தை இழைத்த பிறகு தெரியும் ரேகை போல, தேடினால்தான் தெரியும்.

மடிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் கட்டுரையில் 'பத்தாயிரம் முறை மடித்து அடித்தது' என்று இருந்தது. பத்தாயிரம் முறை மடித்தால் இரும்பு மிச்சம் இருக்காது. பத்திலிருந்து பதினைந்து முறை மடிப்பார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் அடுக்கு இரட்டிப்பாவதால் பதினைந்தாவது மடிப்பில் கணக்குப்படி 32,768 அடுக்கு வந்துவிடுகிறது, அந்த எண்தான் கதையில் வேறு மாதிரி ஆகிவிட்டது. மடிப்பதும் மந்திரத்துக்காக இல்லை. ஆற்று மணலிலிருந்தும் மலை மணலிலிருந்தும் எடுத்த இரும்புத் தூளைக் கரியோடு சேர்த்துக் களிமண் உலையில் நாள் கணக்கில் எரித்து எடுக்கும் டமாஹகானே என்ற எஃகு ஒரு சீராக இருக்காது. அதைச் சீராக்கவும் கசடை வெளியே தள்ளவும்தான் அந்த மடிப்பு. போருக்குப் பிறகு நின்றுபோன அந்த உலையை 1977இல் ஷிமானே மாநிலத்தில் திரும்ப மூட்டினார்கள், இன்றைய கொல்லர்களுக்கு எஃகு அங்கிருந்துதான் வருகிறது. நம் ஊர் உருக்கு வேறு முறை, மூடிய சின்ன மண் கலத்தில் உருக்கி எடுப்பது. இரண்டும் ஒன்று என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியைத் தயவுசெய்து யாரும் அச்சில் ஏற்ற வேண்டாம்.

பராமரிப்புக்கு வருகிறேன். வாளை உறையிலிருந்து எடுக்கும்போது கூர் மேலே பார்த்து இருக்க வேண்டும், முதுகு உறையின் மேல் சறுக்கிக்கொண்டு வர வேண்டும். உறை வாயைச் சுற்றி விரலை வைக்காதீர்கள், பழைய மர உறை பிளந்து வாள் பக்கவாட்டில் வந்துவிட்டால் விரல் போகும். கூர்மை பார்க்கிறேன் என்று கட்டை விரலால் தடவுவது நம் ஆட்களின் கைப்பழக்கம், அதைச் செய்தால் இரண்டு பேருக்கும் கெடுதல். உங்கள் விரலுக்கு ஆவது ஒரு பக்கம் இருக்கட்டும், வியர்வையின் உப்பு வாளில் உட்கார்ந்து சில நாளில் விரல் ரேகை அச்சாகத் துருப்பிடித்துவிடும், அதை எடுக்க மெருகுக்காரரிடம்தான் போக வேண்டும். வாளுக்கு மேல் பேசக்கூடாது என்பதும் இதனால்தான், எச்சில் தெறிக்கும். ஜப்பானியர்கள் வாளைப் பார்க்கும்போது மௌனமாக இருப்பதைப் பார்த்து நான் பக்தி என்று நினைத்தேன். பக்தியும்தான், ஆனால் பாதி துரு பயம்.

பழைய எண்ணெயை எடுக்கச் சுத்தமான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மிருதுவான துணியும் போதும். முதுகுப் பக்கமிருந்து துணியால் பிடித்து, அடியிலிருந்து நுனி நோக்கி ஒரே திசையில். திரும்ப இழுக்கக் கூடாது. படங்களில் காட்டும் பஞ்சுருண்டை, அதைத் தட்டினால் வெள்ளைப் பொடி விழுமே, அதற்கு உச்சிகோ என்று பெயர், கல்லை நுணுக்கிய பொடி. பழையவர்கள் அதைத்தான் பயன்படுத்தினார்கள். புதியவர்கள் கையில் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து, பொடி மட்டமாக இருந்தாலோ துணியில் ஒரு துகள் மாட்டினாலோ மெருகில் முடி முடியாகக் கீறல் விழும். பிறகு மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. அந்த எண்ணெய்க்குச் சோஜி என்று பெயர், கிராம்பு வாசனை வரும். உடனே நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ப் பல்வலிக்குப் போடும் கிராம்புத் தைலத்தை வாங்கிவிடாதீர்கள், வாள் எண்ணெயில் கிராம்பு பெயருக்குத்தான், மற்றதெல்லாம் மெல்லிய எண்ணெய். சோஜி கிடைக்காவிட்டால் சுத்தமான தையல் மிஷின் எண்ணெய் பரவாயில்லை. தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டவே வேண்டாம், நாளாக நாளாகப் பிசினாகும். வாளின் மேல் எண்ணெய், மூச்சு விட்டால் கலையும் பனி மாதிரி அவ்வளவு மெல்லிசாகத்தான் இருக்க வேண்டும், சொட்டினால் உறைக்குள் ஊறித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை பார்ப்பது நல்லது. தோல் உறை போட்ட ராணுவ வாள் என்றால் இன்னும் கவனம், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

ஆயுத பூஜைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பக்கத்தில் ஒரு தட்டை வைத்து அதில் பொட்டு வையுங்கள். ஈரச் சந்தனம் இரும்பின் மேல் ஒரு ராத்திரி இருந்தால் காலையில் அதன் வட்டம் அப்படியே துருவாக நிற்கும்.

பிடியைக் கழற்றுவது சுலபம்தான், ஆனால் பொறுமை வேண்டும். மூங்கில் ஆணியைச் சின்னப் பித்தளைக் கம்பியால் தட்டி எடுத்துவிட்டு, பிடியின் அடிப்பாகத்தை இடது கையில் பிடித்து வாளைச் சற்றே சாய்த்து நிமிர்த்தி, வலது முஷ்டியால் இடது மணிக்கட்டில் மெதுவாகக் குத்தினால் நக்காகோ தளர்ந்து மேலே வரும். ராணுவ வாள் சிலவற்றில் ஆணிக்குப் பதில் திருகாணி இருக்கும், பக்கத்தில் ஸ்பிரிங் பூட்டும் இருக்கும். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், சுத்தியல் எடுக்காதீர்கள். வந்தால் அந்த மூங்கில் ஆணியைத் தொலைத்துவிடாமல் பத்திரமாக வையுங்கள், வாள் பிடியைவிட்டுப் பறக்காமல் இருப்பது அந்த ஒரு சின்னத் துண்டால்தான்.

மெருகேற்றுதல் இன்னொரு பெரிய கண்ணி. வாளை மெருகேற்றுவது கத்தி சாணை பிடிப்பது இல்லை. டோகிஷி என்ற தனிக் கலைஞர் அதற்கென்று வருடக்கணக்கில் பயிற்சி எடுத்தவர், கல் மாற்றிக் கல் மாற்றி, கடைசியில் நகத்தைவிட மெல்லிய கல் செதில்களைக் கட்டை விரலடியில் வைத்துத் தேய்ப்பார். ஒவ்வொரு மெருகிலும் வாளிலிருந்து கொஞ்சம் எஃகு போகிறது. பல தலைமுறை மெருகு பார்த்த வாளில் வெளித்தோல் தேய்ந்து உள்ளே இருக்கும் மென்னிரும்பு எட்டிப் பார்க்கும், களைத்துப்போன வாள் என்பார்கள். சாணைச் சக்கரத்தில் வைத்தால் அத்தனை தலைமுறை தேய்மானமும் ஐந்து நிமிடத்தில் நடந்துவிடும். ஜப்பானுக்கு அனுப்பிச் செய்யலாமே என்று தோன்றும். அங்கே மரபு முறையில் செய்த வாளை மட்டும்தான் பதிவு செய்ய முடியும், போர்க்கால ஆலை வாளை அனுப்பினால் திரும்பி வராது. நல்ல வாளாகவே இருந்தாலும் மெருகுக்கும் புது மர உறைக்கும் ஆகும் செலவு பல நேரம் வாளின் விலையைத் தாண்டிவிடும்.

வாங்க விரும்புகிறவர்களுக்கு என் அறிவுரை கொஞ்சம் கஞ்சத்தனமானது. ஜப்பானில் 15 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு வாளுக்கும் மாநிலக் கல்வி வாரியம் கொடுத்த பதிவுச் சீட்டு இருக்க வேண்டும், வாங்கியவர் இருபது நாளுக்குள் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். சீட்டு இல்லாமல் விற்கும் எவரிடமும் பேச்சே வேண்டாம். ஆனால் அந்தச் சீட்டு வாள் நல்லது என்றோ கையெழுத்து நிஜம் என்றோ சொல்லவில்லை, ஒரு வாகனப் பதிவுச் சான்று போல அளவும் எண்ணும்தான் சொல்கிறது. தரத்தைச் சொல்வது 1948இல் தொடங்கிய ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் தரும் தாள். அதில் ஹொசோன், தொக்குபெட்சு ஹொசோன், ஜூயோ, தொக்குபெட்சு ஜூயோ என்று படிகள் உண்டு. முதல் வாளுக்கு ஹொசோன் தாள் இருந்தால் போதும், கையெழுத்து இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கூரில் குறுக்கே முடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் நன்றாகப் பாருங்கள், ஹகிரே என்பார்கள், அது இருந்தால் வாள் செத்தது, எத்தனை பெரிய பெயராக இருந்தாலும் சரி. மற்றக் குறைகளோடு வாழலாம். வெளிநாட்டுக்கு எடுத்துப்போகக் கலாசாரத் துறையின் ஏற்றுமதி அனுமதி வேண்டும், பதிவுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இந்தியாவுக்கு வந்தால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் சுங்கமும் நிற்கின்றன. வாளும் அந்தச் சட்டத்தில் ஆயுதம்தான். தாத்தாவின் வாளாகவே இருந்தாலும் மாவட்ட நிர்வாகத்தில் விசாரித்துத் தாள்களைச் சரி செய்துகொள்வது நல்லது, இணையத்தில் ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைக் கேட்பது அதைவிட நல்லது. இந்தத் தலைவலிக்காகத்தான் நான் என் போலிக் கொட்டெட்சுவை ஊர் திரும்பும் முன் அதே மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். ஆசை தீராதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ட்சுபா வாங்குங்கள். பிடிக்கும் வாளுக்கும் நடுவில் வரும் கைக்காப்புத் தட்டு, உள்ளங்கை அகலம், இரும்பிலோ செம்புக் கலவையிலோ கொக்கும் அலையும் காய்கறியும் வெட்டியிருப்பார்கள். ஜப்பானில் அதற்குப் பதிவு கிடையாது. 1876இல் பொது இடத்தில் வாள் அணியக் கூடாது என்று அரசு சொன்ன பிறகு இவை மூட்டை மூட்டையாக விற்பனைக்கு வந்தன, இன்றும் சாமானிய விலைக்கு நல்லது கிடைக்கும். என் மேசை மேல் ஒன்று இருக்கிறது, துளையில் ஒரு நத்தை உட்கார்ந்திருக்கிறது. மனைவி அதைத் துலக்காமல் இருக்க வைக்கத்தான் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தக் குடும்பத்தின் தொலைபேசி எண் உங்களிடம் இருக்கும். இனிமேல் நக்காகோவில் எதையும் தேய்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள், புதிதாகச் செந்துரு வந்தால் ஒரு சொட்டு எண்ணெயைத் துணியில் தொட்டு ஒற்றினால் போதும். உப்புத்தாள் பட்ட பிறகும் உளி வெட்டு ஆழமாக இருந்தால் எழுத்து தப்பியிருக்கும். இரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், வாள் நேராக நிற்கும்படி படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பித்தளைக் கவசத்தின் அடியில், பிடியின் கடைக்கோடியில் ஏதாவது குடும்பச் சின்னம் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், அதிகாரிகள் சிலர் தங்கள் வம்ச முத்திரையை அங்கே பதித்திருப்பார்கள். என்னால் படிக்க முடியாவிட்டால் என் மேற்பார்வையாளருக்கு அனுப்புகிறேன். அவருக்கு இப்போது வயது எண்பத்து நான்கு, கண் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் நக்காகோ படம் என்றால் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
கோயம்புத்தூர்.